ஸ்பான்சர் கடிதத்தில் தொகையை எழுதுங்கள்: பெருந்தோட்ட நிறுவனங்களின் மனிதவளப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்ட அலுவலகம் ஒன்றில் 31 ஆண்டுகள் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வுபெற்றவன் நான். அந்த ஆண்டுகளில் நிர்வாகியின் கையெழுத்துக்காக நான் தட்டச்சு செய்த கடிதங்களுக்குக் கணக்கில்லை. தொழிலாளர் இலாகாவுக்கும் வங்கிக்கும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அவை போயின. ஒரு வரி விடுபட்ட கடிதம் திரும்பி வருவதையும், அதனால் ஒரு குடும்பம் ஒரு மாதம் அலைவதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால், நான்கு வரிக் கடிதம் ஒன்று என் சொந்த மகளின் படிப்பை ஓராண்டு தள்ளிவைக்கும் என்று நினைத்ததே இல்லை. அந்தக் கடிதத்தைப் பற்றியும், அதுபோன்ற கடிதங்களை நீங்கள் இனி எப்படி எழுத வேண்டும் என்பதைப் பற்றியும் சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன். எந்த நிறுவனத்தையும் பெயர் சொல்லிக் குறை கூறுவது என் நோக்கமன்று. என் மகளை அனுப்ப முன்வந்த நிறுவனத்தின் மீது எனக்கு இன்றும் நன்றியுண்டு.

என் மகள் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறாள். ஆலையின் கழிவுநீர்க் குளங்களிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிப்பது அவளுடைய அன்றாட வேலை. அந்தக் கழிவுநீரைச் சுத்திகரிப்பதைப் பற்றியே முதுநிலைப் பட்டம் படிக்க வேண்டும் என்று அவள் விரும்பினாள்; கனடாவில் ஒரு பல்கலைக்கழகம் இடம் தந்தது. கல்விக் கட்டணத்தையும் தங்குமிடம், உணவு, விமானப் பயணம் ஆகியவற்றின் செலவையும் ஏற்பதாக நிறுவனத்தின் தலைமையகம் முடிவெடுத்தது. படிப்பு முடிந்து திரும்பியதும் ஐந்தாண்டுகள் அங்கேயே பணிபுரிய வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் அவள் கையெழுத்திட்டாள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, பால்மரக் காட்டைத் தாண்டிப் பள்ளிக்கு நடந்த எங்கள் தலைமுறைக்கு அது எத்தகைய செய்தி என்பதை விளக்க வேண்டியதில்லை.

பிறகு, கனடாவில் படிப்பதற்கான கல்வி அனுமதிக்கு விண்ணப்பிப்பதற்காக நிறுவனம் தந்த ஸ்பான்சர் கடிதம் வந்தது. இப்போதும் அது என் மேசையில் இருக்கிறது. கனமான தாள், மேலே பொன்னிறத்தில் நிறுவனச் சின்னம், கீழே நீல மையில் வட்ட முத்திரை. 'மேற்குறிப்பிட்டவர் எங்கள் நிறுவனத்தில் நல்ல முறையில் பணியாற்றி வருகிறார். அவருடைய உயர்கல்விக்கு நிறுவனம் நிதி ஆதரவு வழங்கும். அவருக்குத் தேவையான ஒத்துழைப்பை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். நன்றி.' அவ்வளவுதான். கையெழுத்து முத்திரையின் கீழ் மறைந்திருந்தது. கையெழுத்திட்டவர் யார், என்ன பதவியில் இருக்கிறார் என்பது எங்கும் தெரியவில்லை. எவ்வளவு பணம், எத்தனை ஆண்டுகளுக்கு, யாருக்கு, எப்போது கொடுக்கப்படும் என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. இதில் பொய் ஒன்றுமில்லை. எழுதியவரும் நல்ல மனத்தோடுதான் எழுதியிருப்பார். ஆனால் அது நற்சான்றிதழாக இருந்ததே தவிர, பணத்துக்குப் பொறுப்பேற்கும் கடிதமாக இல்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மனிதவளப் பிரிவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கையின் அடிப்படை.

சில வாரங்களில் மறுப்பு வந்தது. கனடாவின் குடிநுழைவு விதிமுறைகளில் 220ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. கனடாவில் வேலை செய்து சம்பாதிக்காமலேயே கல்விக் கட்டணம் செலுத்தவும், தன்னையும் தன்னுடன் வரும் குடும்பத்தினரையும் பராமரிக்கவும், போய்வரும் பயணச் செலவை ஏற்கவும் போதுமான பணம் விண்ணப்பதாரரிடம் இருந்தாலன்றி அதிகாரி கல்வி அனுமதி வழங்கக் கூடாது என்று அது சொல்கிறது. பணம் போதுமானதாக இருப்பது ஒன்று. அது கைக்கெட்டும் நிலையில் இருப்பது இன்னொன்று. சட்டம் இரண்டையும் கேட்கிறது. நிதி ஆதரவின் அளவும் காலமும் கடிதத்தில் இல்லை என்றும், வங்கிக் கணக்கில் அண்மையில் சேர்ந்த பெருந்தொகைக்கு விளக்கம் இல்லை என்றும் அதிகாரியின் குறிப்பில் இருந்தது. அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன் என்று தோன்றியது. அதுதான் அதிகமாக வலித்தது.

தொகை ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குக் கணக்கு ஒன்றைப் பார்க்க வேண்டும். தனியாகச் செல்லும் மாணவர் ஒருவர் கல்விக் கட்டணமும் பயணச் செலவும் நீங்கலாக, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கென்று மட்டும் காட்ட வேண்டிய தொகையைக் கனடா நெடுங்காலம் 10,000 கனடிய டாலராக வைத்திருந்தது. 2024 ஜனவரி 1 முதல் அது 20,635 டாலரானது. 2025 செப்டம்பர் 1 முதல் 22,895 டாலர். கியூபெக் மாநிலத்துக்குத் தனிக் கணக்கு. ஒரு கனடிய டாலரைத் தோராயமாக 3 ரிங்கிட் என்று கொண்டால், 22,895 டாலர் ஏறத்தாழ 68,700 ரிங்கிட் ஆகிறது. நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை ஒரு காசுகூடச் செலவழிக்காமல் 40 மாதங்களுக்கு மேல் சேர்த்தால்தான் அந்தத் தொகை வரும். கல்விக் கட்டணம் இதில் சேரவில்லை.

தோட்டக் குடும்பங்களில் பெரும்பாலோரிடம் ஈடு காட்டுவதற்கு வீடும் நிலமும் இல்லை. வாழ்நாள் முழுவதும் குடியிருந்த லயம் நிறுவனத்துடையது. வேலை முடிந்தால் அதை விட்டு வெளியேற வேண்டும். எங்களுடைய சேமநிதி, பட்டணத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு சிறிய வீட்டுக்கும் மூத்த பிள்ளைகளின் படிப்புக்கும் போய்விட்டது. நகரத்தில் இருப்பவர் அப்பாவின் வங்கி அறிக்கையையும் வீட்டுப் பத்திரத்தையும் இணைத்து அனுப்பிவிடுவார். எங்கள் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தவரின் கடிதம் ஒன்றுதான் இருக்கிறது. அது வலுவிழந்தால் பின்னால் தாங்கிப் பிடிக்க வேறு எதுவும் இல்லை. இந்த இடைவெளியில்தான் முகவர்கள் நுழைகிறார்கள். ஆலோங் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரரிடம் பணம் வாங்கிச் சில மாதங்கள் கணக்கில் காட்டச் சொல்லும் முகவர் ஒருவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். பொய்யான ஆவணம் தந்தவர்களுக்குக் கனடாவின் சட்டம் ஐந்தாண்டுகள் கதவை அடைத்துவிடும் என்பதை அவர் சொல்லவில்லை. நிறுவனம் உண்மையிலேயே தருகின்ற பணத்தைச் சரியாக எழுதிக் கொடுத்திருந்தால், அப்படிப்பட்டவருக்கு எங்கள் வாசலில் நிற்க வேண்டிய காரணமே இருந்திருக்காது.

இனி, நீங்கள் கவனிக்க வேண்டியவற்றில் முதன்மையானதைச் சொல்கிறேன். பல நிறுவனங்களில் ஊழியரின் படிப்புச் செலவை 'கிளேம்' முறையில் கொடுப்பது வழக்கம். ஊழியர் முதலில் தன் கைப்பணத்தைக் கட்டிப் படிப்பார். தேர்ச்சி முடிவும் ரசீதும் காட்டினால் நிறுவனம் திருப்பித் தரும். இப்போ நகரத்தில் மாலை நேர வகுப்புக்குப் போகிறவருக்கு இது பொருந்தும். ஆனால் வெளிநாட்டுக் கல்வி அனுமதிக்கு இந்த ஏற்பாட்டைக் காட்டுவது பயனற்றது, ஏனெனில் தேர்வு முடிந்தபின் வரப்போகும் பணம் இன்று கைக்கெட்டும் பணமாகாது. என் மகளுக்கு வந்த கடிதத்தின் பின்னிணைப்பில் நிறுவனத்தின் பொதுவான கல்வி உதவிக் கொள்கையையும் சேர்த்திருந்தார்கள். அதில், செலவுத்தொகை தேர்ச்சிக்குப் பின் திருப்பி வழங்கப்படும் என்றும், நிறுவனம் இந்தச் சலுகையை எந்நேரத்திலும் முன்னறிவிப்பின்றி மீட்டுக்கொள்ளலாம் என்றும் இரண்டு வரிகள் இருந்தன. அவளுக்கு அளிக்கப்பட்டது அந்தக் கொள்கையின்கீழ் வரும் உதவியே அல்ல. இயக்குநர் வாரியம் தனியாக ஒப்புதல் தந்த முழு நிதி. அப்படியிருந்தும் யாரோ ஒருவர் கோப்பு நிறைவாக இருக்கட்டும் என்று அந்தப் பக்கங்களை இணைத்தார். தருவதாக நிறுவனம் முதல் பக்கத்தில் சொன்னதை, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று மூன்றாம் பக்கம் அழித்துவிட்டது. ஆகவே, முன்கூட்டியே கொடுப்பதா, திருப்பித் தருவதா என்பதைக் கடிதத்தில் திட்டவட்டமாக எழுதுங்கள்; அதற்கு முரணான எந்தத் தாளையும் சேர்க்காதீர்கள். நிறுவனம் முன்பணமாகத் தர இயலாது என்றால் அதையும் ஊழியரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அவர் வங்கிக் கடனுக்காவது நேரத்தோடு முயல்வார்.

கல்விக் கட்டணத்தைப் பொறுத்தவரை மிக எளிய வழி ஒன்று உண்டு. முதலாண்டுக் கட்டணத்தை நிறுவனமே பல்கலைக்கழகத்துக்கு நேரடியாகச் செலுத்தி, பல்கலைக்கழகம் தரும் அதிகாரபூர்வ ரசீதை ஊழியரிடம் கொடுத்துவிடலாம். நூறு வாக்குறுதிகளைவிட அந்த ஒரு ரசீது அதிகம் பேசும். கனடா கேட்பதும் முதலாண்டுக்கான நிதிச் சான்றைத்தான். அடுத்த ஆண்டுக்கான பணமும் வரும் என்று நம்பத்தக்க வகையில் காட்டினால் போதும். அதற்குத்தான் கடிதத்தில் கால அளவு தேவைப்படுகிறது.

வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை நிறுவனம் என் மகளின் கணக்கில் போட்டது உண்மை. ஆனால் விண்ணப்பம் அனுப்புவதற்கு ஆறு நாள்கள் முன்பு போட்டது. சென்ற நான்கு மாதங்களுக்கான வங்கி அறிக்கை, ஏற்றுக்கொள்ளப்படும் சான்றுகளில் ஒன்று. அவளுடைய அறிக்கையில் மாதச் சம்பளம் வருவதும் வீட்டுக்குப் போவதுமாக மூன்று மாதங்களும் மூன்று வாரங்களும் கழிந்திருக்க, கடைசி வரியில் திடீரென்று பெருந்தொகை ஒன்று நிற்கிறது. அனுப்பியவர் பெயராக நிறுவனத்தின் பெயர்கூட இல்லாமல் ஒரு பரிவர்த்தனை எண் மட்டும் இருந்தது. இரவல் வாங்கிப் போட்ட பணமும் அறிக்கையில் அப்படித்தான் தெரியும். பணத்தை முன்னதாகவே போட்டிருக்கலாம். அல்லது 'இன்ன தேதியில், இன்ன கணக்கிலிருந்து, இன்ன தொகையை, இன்ன நோக்கத்துக்காக அனுப்பினோம்' என்று கடிதத்தில் ஒரே ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

அடுத்தது, தோட்டத் துறைக்கே உரிய ஒரு சிக்கல். ஆலை ஒரு செண்டிரியான் பெர்ஹாட்டின், அதாவது தனியார் நிறுவனத்தின், பெயரில் இருக்கும், தோட்டம் இன்னொன்றின் பெயரில், இரண்டுக்கும் மேலே கோலாலம்பூரில் ஒரு தாய் நிறுவனம். நமக்கு இது பழகிப்போனது. எல்லாவற்றையும் 'கம்பெனி' என்று சொல்லிவிடுவோம். ஆனால் என் மகளின் சம்பளச் சீட்டிலும் ஆண்டு வருமான விவரம் காட்டும் இ.ஏ. படிவத்திலும் இருப்பது ஆலை நிறுவனத்தின் பெயர். ஸ்பான்சர் கடிதம் வந்தது தாய் நிறுவனத்தின் தாளில். பணம் வந்தது மூன்றாவதாக ஒரு நிறுவனத்தின் கணக்கிலிருந்து. எங்கோ தொலைவில் உட்கார்ந்து கோப்பைப் புரட்டும் அதிகாரிக்கு இவை மூன்று அந்நியர்கள். இந்த நிறுவனங்களுக்கு இடையிலான உறவைக் கடிதத்தில் இரண்டு வரிகளில் எழுதி, மலேசிய நிறுவன ஆணையத்தின் பதிவு விவரத்தையும் இணைத்தால் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நிறுவனத்தின் வங்கி அறிக்கையை ஊழியரிடம் கொடுக்க முடியாது என்று எங்களிடம் சொன்னார்கள். அதை நான் ஏற்கிறேன். ஒரு நிறுவனத்தின் கணக்கு அடிப்படை ஊழியரின் கையில் போவது முறையன்று. ஆனால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் ஆண்டறிக்கை எவரும் படிக்கக்கூடிய ஆவணம்தானே. தணிக்கை செய்யப்பட்ட கணக்கின் சுருக்கப் பக்கங்களை இணைப்பதில் எந்த இரகசியமும் போய்விடாது. பட்டியலிடப்படாத சிறிய நிறுவனமாக இருந்தால், அதன் வங்கியிடமிருந்தோ தணிக்கையாளரிடமிருந்தோ ஒரு சிறு உறுதிக் கடிதம் வாங்கித் தரலாம்.

பணியொப்பந்தம் மலாய் மொழியில் இருந்தது. மொழிபெயர்ப்பின்றி அப்படியே இணைத்துவிட்டோம். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இல்லாத ஆவணத்தோடு மொழிபெயர்ப்பும், மொழிபெயர்ப்பாளரின் சான்றும் அல்லது பிரமாணப் பத்திரமும் இருக்க வேண்டும். நானே மொழிபெயர்த்துத் தருகிறேன் என்று முன்வந்தேன், முப்பது ஆண்டுகள் மூன்று மொழிகளிலும் கடிதம் எழுதிய துணிச்சலில். விண்ணப்பதாரரின் குடும்பத்தினர் செய்த மொழிபெயர்ப்பு ஏற்கப்படாது என்று அப்போதுதான் தெரிந்தது. இத்தகைய ஒப்பந்தங்களை முதலிலேயே ஆங்கிலத்திலும் தயாரித்து வைப்பது உங்களுக்கு ஒரு நாள் வேலைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதலாளியின் கடிதம் பணத்துக்கு மட்டும் சாட்சி சொல்வதில்லை. அனுமதிக்காலம் முடிந்ததும் விண்ணப்பதாரர் நாட்டை விட்டுப் புறப்படுவார் என்று அதிகாரி நம்ப வேண்டும் என்பதும் அந்த விதிமுறைகளில் உள்ள நிபந்தனை. சம்பளத்துடனோ சம்பளமின்றியோ கல்வி விடுப்பு வழங்கப்பட்டிருக்கிறது, அவருடைய பதவி அவருக்காகக் காத்திருக்கிறது, திரும்பி வந்ததும் ஐந்தாண்டுகள் பணிபுரியும் ஒப்பந்தம் இருக்கிறது, இந்தப் படிப்பு ஆலையின் இன்ன வேலைக்குத் தேவைப்படுகிறது என்பனவெல்லாம் ஊர் திரும்புவதற்கான வலுவான காரணங்கள். சொத்தில்லாத ஒரு தோட்டத்துப் பெண்ணுக்கு இவற்றைவிடப் பெரிய பிடிமானம் எது இருக்க முடியும்? இவை அனைத்தும் உண்மையாக இருந்தும், கடிதத்தில் ஒன்றுகூட எழுதப்படவில்லை.

இரண்டாவது விண்ணப்பத்துக்கு முன், மனிதவளப் பிரிவிலிருந்த இளம் அதிகாரி ஒருவர் என்னை அழைத்து, 'அங்கிள், என்ன எழுத வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்' என்று கேட்டார். அந்தப் பெருந்தன்மையை நான் மறக்க மாட்டேன். அவர் அனுப்பிய வரைவில் வாழ்க்கைச் செலவு 10,000 டாலர் என்று இருந்தது; பழைய கோப்பிலிருந்து எடுத்திருக்கிறார். இந்தத் தொகை ஆண்டுதோறும் திருத்தப்படுவது என்பதால், கடிதம் எழுதும் நாளன்று கனடாவின் குடிநுழைவுத் துறை வெளியிட்டிருக்கும் எண்ணைப் பார்த்தே எழுத வேண்டும் என்று சொன்னேன். இருவரும் இரண்டு மாலைப்பொழுதுகள் தொலைபேசியில் உட்கார்ந்து எழுதினோம். அவளுடைய முழுப்பெயர், கடப்பிதழ் எண், பதவி, சேர்ந்த தேதி, மாதச் சம்பளம், பல்கலைக்கழகத்தின் பெயர், படிப்பின் பெயர், தொடங்கும் நாள், முடியும் நாள் எல்லாம் முதல் பத்தியில் வந்தன. இரண்டாம் பத்தியில், கட்டணம் இவ்வளவு, அதில் செலுத்தியது இவ்வளவு. வாழ்க்கைச் செலவு இவ்வளவு, அதை அனுப்பிய தேதி இது. பயணச் சீட்டை வாங்குவது நிறுவனம். மூன்றாம் பத்தியில் விடுப்பும் ஒப்பந்தமும் பதவியும். கடைசியில் கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, நிதிப் பொறுப்பேற்க அவருக்கு அதிகாரம் தந்த வாரியத் தீர்மானத்தின் தேதி, அழைத்தால் இந்த விவரம் தெரிந்த ஒருவர் எடுத்துப் பேசும் நேரடித் தொலைபேசி எண். ஒன்றரைப் பக்கம். பாராட்டு வார்த்தை ஒன்றுகூட இல்லை.

அனுமதி கிடைத்தது. ஆனால் அதற்குள் அவள் சேர வேண்டிய பருவம் போய்விட்டது. பல்கலைக்கழகம் அடுத்த ஆண்டுக்கு இடத்தை ஒத்திவைத்துத் தந்தது எங்கள் பாக்கியம். 150 டாலர் விண்ணப்பக் கட்டணத்தை மறுபடியும் கட்டினோம். கைரேகையும் படமும் பத்தாண்டுகள் செல்லுபடியாகும் என்பதால் அதற்கான 85 டாலரும் கோலாலம்பூருக்கு மறுபடி ஒரு பயணமும் மிச்சமாயின. பணம் போனது பெரிதல்ல. அந்த ஓராண்டும் ஆலைக்குப் போய் வந்துகொண்டிருந்த என் மகள், 'இன்னும் போகலையா?' என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். தன்னிடம் ஏதோ குறை என்று அவளே நம்பத் தொடங்கியிருந்தாள்.

நான் கனடாவைப் பற்றி எழுதியது எங்களுக்கு நேர்ந்தது அது என்பதால்தான். பிரிட்டனின் விதிகள் வேறு: அங்கே அதிகாரபூர்வ நிதி ஆதரவாளர்களின் வரிசையில் அரசாங்கங்களும் பல்கலைக்கழகங்களும் பன்னாட்டு நிறுவனங்களும் வருகின்றன. உள்நாட்டில் மட்டும் இயங்கும் தோட்ட நிறுவனம் அந்த வரிசையில் அடங்காது. அந்நிலையில் பணம் மாணவரின் கணக்கிலோ பெற்றோரின் கணக்கிலோ தொடர்ந்து 28 நாள்கள் குறையாமல் இருக்க வேண்டியிருக்கும். அதற்கு நிறுவனம் நாள் பார்த்து முன்னதாகவே பணத்தை அனுப்ப வேண்டும். எந்த நாட்டுக்கு அனுப்புகிறீர்களோ அந்த நாட்டின் விதியை உங்கள் பிரிவில் ஒருவர் உட்கார்ந்து படித்தாக வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஊழியர் ஒருவரை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்ப நிறுவனம் முடிவெடுத்த அன்றே, அந்தக் கடிதத்தை எழுதும் பொறுப்பைப் பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படையுங்கள். அவருக்கு நிதிப் பிரிவின் தொகைகளையும் வாரியத் தீர்மானத்தையும் பார்க்க அனுமதி கொடுங்கள். கையெழுத்தாகும் முன் ஊழியரிடம் ஒருமுறை படிக்கக் கொடுங்கள். விடுபட்டதை முதலில் கண்டுபிடிக்கப்போவது அவர்தான். தோட்ட நிர்வாகி கொடுக்கும் கடிதத்தோடு விஷயம் முடிந்துவிட்டதாக எண்ணாமல், பணத்துக்குப் பொறுப்பான தலைமையகத்திலிருந்தே கடிதத்தை வரவழையுங்கள்.

நானும் அந்த இளம் அதிகாரியும் எழுதிய வரைவைப் பெயர்களையும் எண்களையும் நீக்கித் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். கேட்கும் எந்த நிறுவனத்துக்கும் அனுப்பித் தருவேன். இதை அவசரமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் பட்டணத்துக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் கள அலுவலராக இருக்கும் இளைஞர் ஒருவர் அடுத்த மாதம் விண்ணப்பிக்கிறார். அவருடைய தாயார் என் காலத்தில் எங்கள் தோட்டத்தில் பால் வெட்டியவர். சென்ற வாரம் அந்த இளைஞர் தமக்கு வந்த கடிதத்தைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். கனமான தாள், நீல முத்திரை, நான்கு வரிகள். தொகை இல்லை. அதைத் திருத்தித் தருமாறு அவர் திருப்பி அனுப்பிய கடிதம் இப்போது உங்களில் ஒருவருடைய மேசையில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்